“நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” – மேசை ஆட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ ஆட்டத்தை அறிமுகம் செய்து எழுதியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காக இங்கே சில வரிகள். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். காடு, கோட்டை, பூதம், ஊர்மக்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். டி.எம். சூழ்நிலையைச் சொல்வார். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று ஆடுபவர் சொல்வார். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். இதில் ஜெயிப்பவர், தோற்பவர் என்று யாரும் கிடையாது. கதை எங்கே போகிறது என்று எல்லாரும் சேர்ந்து பார்க்கிறார்கள்.

வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஆடிப் பழகாதவர்களை எப்படி அழைத்து வருவது என்று கேட்கின்றன. இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே கொடுக்கிறேன்.

கேள்வி: நண்பர்கள் நால்வர் ஆர்வமாக இருக்கிறார்கள். விதிப் புத்தகத்தைப் புரட்டினால் தலை சுற்றுகிறது. எல்லாரும் படித்து முடித்த பிறகு ஆரம்பிக்கலாமா?
– பொறியியல் கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். நல்ல நண்பர்களை இந்த ஆட்டத்திலிருந்து விரட்டுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

நான் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் வேலை பார்த்தபோதுதான் முதன்முதலில் ஆடப் போனேன். உடன் வேலை பார்த்தவர்கள் அழைத்திருந்தார்கள். மேசையில் எனக்கு முன்னால் ஒரு புத்தகம் வைத்தார்கள். 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு, 320 பக்கம். “எந்த இனம்? எந்தத் தொழில்? எந்தப் பின்னணி? எந்த மந்திரங்கள்?” என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பத்துப் பன்னிரண்டு பதில்கள் இருந்தன. எதைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று மணி நேரம் போய்விட்டது. தாள் முழுக்க எண்களாக நிரம்பியது. மணி பத்தானதும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். என் பாத்திரம் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. அவர்கள் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனாலும் ஒரு வருடம் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மறுபடி போனது பக்கத்துத் தெருவில் இருந்த ஓர் அம்மையார் வீட்டுக்கு. நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குளிர்காலம், வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி. அவர் புத்தகத்தை மேசைக்கே கொண்டுவரவில்லை. அரைத் தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். பெயருக்கு மட்டும் இடம் விட்டு, மற்றவற்றை அவரே பென்சிலால் எழுதியிருந்தார். உள்ளங்கையில் நீல நிறப் பகடை ஒன்றை வைத்தார். பிறகு சொன்னார்: “மழையில் நனைந்த கல் படியில் நிற்கிறீர்கள். எதிரே ஒரு கதவு. உள்ளேயிருந்து தாழ்போட்டிருக்கிறது. கதவுக்குப் பின்னால் யாரோ பாடுகிறார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?”

மற்றவர்கள் வாளை எடுப்பார்கள், பூட்டைத் திறக்கப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். “பாட்டு முடியும்வரை தட்டமாட்டேன். காத்திருப்பேன்.”

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். “ஏன்?”

“பாடுகிறவரைப் பாதியில் நிறுத்தக் கூடாது.”

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “பாட்டு முடிகிறது. தாழ் விலகும் சத்தம் கேட்கிறது. ஒரு கிழவி கதவைத் திறந்து, இத்தனை நேரமும் நனைந்துகொண்டா நின்றாய், உள்ளே வா என்கிறாள்.”

பகடை என் கையிலேயே இருந்தது, உருட்டவே இல்லை. ஒரு விதியும் தெரியாமல் ஒரு கதவைத் திறந்துவிட்டேன். அந்தக் கிழவி யார், ஏன் பாடினாள், அந்த வீட்டில் என்ன ஒளித்து வைத்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள அடுத்த எட்டு மாதங்கள் வாராவாரம் போனேன்.

இதில் புதுமை எதுவும் இல்லை. இந்த ஆட்டம் பிறந்ததே இப்படித்தான். 1969 இல் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களில் போர் விளையாட்டு ஆடிவந்த குழு ஒன்று இருந்தது. அதில் டேவிட் வெஸ்லி என்பவர் ‘பிரான்ஸ்டைன்’ என்ற ஆட்டத்தை நடத்தினார். படைகளை நகர்த்துவதற்குப் பதிலாக, ஒரு கற்பனை ஊரின் ஆட்கள் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு ஆட்டக்காரரிடம் கொடுத்தார். அவர்களோ அவர் எழுதி வைத்திருந்த விதியில் இல்லாததையெல்லாம் செய்யப் பார்த்தார்கள். அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்னெசன் 1971 இல் ‘பிளாக்மூர்’ என்ற தன் கற்பனை நாட்டை உண்டாக்கி அதில் ஆட்டம் நடத்தத் தொடங்கினார். விதிகள் அவர் கையில் இருந்தன. ஆடுபவர்கள் என்ன செய்ய விரும்புகிறோம் என்று சொன்னார்கள், அவ்வளவுதான். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா ஊரில் இருந்த கேரி கைகாக்ஸுக்கு ஆர்னெசன் அதை ஆடிக் காட்டினார். இருவரும் சேர்ந்து எழுதி 1974 இல் வெளியிட்டதுதான் முதல் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், பத்து டாலர் விலை, முதல் அச்சில் ஆயிரம் பெட்டிகள். அச்சுக்கு வரும் முன்பே மூன்று ஆண்டுகள் வாய்மொழியாகப் பரவிய ஆட்டம் இது. உங்கள் நண்பர்கள் நால்வரும் அந்த வழியிலேயே வரட்டும். புத்தகத்தை நீங்கள் ஒருவர் படித்தால் போதும். நீங்களும் முதல் வாரத்துக்கு முழுவதும் படிக்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் பள்ளி நூலகத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொடங்க ஆசை. செலவு எவ்வளவு ஆகும்? என்னென்ன வாங்க வேண்டும்?
– ஆசிரியை, மதுரை

ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் தொடங்கலாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் அதை யாரும் அச்சிடலாம், மாற்றி எழுதலாம், தமிழில் மொழிபெயர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். முழு ஆட்டத்துக்கு 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் வேண்டும். முதல் நாளுக்கு இருபது முகமும், வீட்டில் இருக்கும் ஆறு முகப் பகடையும் போதும். இருபது முகப் பகடை கிடைக்கவில்லையா? ஒரு சொம்பில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பச் சொம்பில் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கணக்கு மாறிவிடும்.

உங்கள் உழைப்பெல்லாம் பாத்திரத் தாள்களில் இருக்கட்டும். முதல் நாள் பாத்திரத்தை உருவாக்கச் சொல்லாமல் நீங்களே ஆறு ஏழு தாள்களைத் தயார் செய்து பரப்பி வையுங்கள், எடுத்துக்கொள்ளட்டும். இந்த ஆட்டத்தில் ஆறு திறன்கள் உண்டு. என் தாள்களில் அவற்றை வலிமை, கைவேகம், தாங்குதிறன், அறிவு, விவேகம், வசீகரம் என்று எழுதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கூட்ட வேண்டிய எண். அதன் கீழே கவசத்தின் எண் (எதிரியின் அடி படுவதற்கு எட்ட வேண்டிய இலக்கு), உயிர்ப் புள்ளிகள் (அடி பட்டால் குறைபவை), கையில் இருக்கும் ஆயுதம். இவ்வளவும் அரைத் தாளில் அடங்கிவிடும்.

கடைசி வரியில் ஒரு கேள்வி எழுதி, பதிலுக்கு இடம் விடுவேன். போர்வீரர் தாளில், “இந்த வாள் உங்களுக்கு முன்னால் யாருடையது?” திருடர் தாளில், “திருடிவிட்டுத் திருப்பிக் கொடுத்த பொருள் எது?” மந்திரவாதி தாளில், “உங்கள் குரு எதைக் கற்றுத்தர மறுத்தார்?” எண்களைக் கண்டு மிரளும் பிள்ளையும் இந்த வரிக்கு வந்ததும் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசிக்கும். அந்த ஒரு வரிதான் அதற்கு அடுத்த மாதம்வரை நினைவிருக்கும். டி.எம்.முக்கும் கதைச் சரக்கு அங்கேயே கிடைத்துவிடுகிறது.

கேள்வி: எப்போதெல்லாம் பகடை உருட்டச் சொல்ல வேண்டும்? நான் நடத்திய முதல் ஆட்டம் முழுவதும் உருட்டிக்கொண்டே இருந்தோம். கதை நகரவே இல்லை.
– தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

புதிதாக நடத்துபவர்கள் எல்லாருக்கும் இது நேர்கிறது. பகடை அழகான பொருள், கையில் இருந்தால் உருட்டத் தோன்றும்.

கணக்கு எளிது. இருபது முகப் பகடையில் விழுந்த எண்ணுடன் திறனின் எண்ணைக் கூட்ட வேண்டும். எளிய காரியத்துக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினமானதற்கு 20 என்று இலக்கு வைக்கிறார்கள். கூட்டுத்தொகை இலக்கை எட்டினால் காரியம் நடக்கும். திறனுக்கு 5 உள்ள ஒருவர் 15 என்ற இலக்கை எட்டப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது நூற்றுக்கு 55 வாய்ப்பு. நல்ல யோசனை சொன்னாலோ கூட்டாளி கை கொடுத்தாலோ ‘அட்வான்டேஜ்’ கொடுக்கலாம். இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வார்கள். அதே வாய்ப்பு ஏறக்குறைய 80 ஆகிவிடும். புதியவர்களுக்கு இதைத் தாராளமாகக் கொடுங்கள். தான் யோசித்ததற்கு மேசையில் மதிப்பு இருக்கிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்ப்பது அப்போதுதான்.

நான் எனக்கு வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. வெற்றி, தோல்வி இரண்டிலும் கதைக்கு ஏதாவது நடக்கும் என்றால் மட்டும் உருட்டச் சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மேசையில் பார்த்தேன். அன்றுதான் முதன்முதலாக ஆட வந்த ஒருவர், கணக்காளர், “படியில் இறங்கிக் கீழே போகிறேன்” என்றார். டி.எம். உருட்டச் சொன்னார். 1 விழுந்தது. கால் இடறி உருண்டு விழுந்ததாகக் கதை போயிற்று, மேசையே சிரித்தது. அந்த மனிதரின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேரேட்டில் ஒரு பைசா தவறாமல் எழுதுகிறவர். தன் வீரனை அவர் அதே நிதானத்தோடுதான் மனத்தில் உருவாக்கி வைத்திருந்தார். அதற்குப் பிறகு அன்று அவர் எதையும் முயன்று பார்க்கவில்லை, மற்றவர்கள் பின்னாலேயே போனார். படி இறங்கப் பகடை தேவையில்லை. துரத்திவரும் ஓநாய்களுக்கு முன்னால், கையில் குழந்தையோடு, இருட்டில் படி இறங்க வேண்டும் என்றால் உருட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். கதை முன்னே போக அவசியமான தடயத்தைப் பகடைக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். ஐந்து பேரும் உருட்டி ஐந்து பேரும் தவறினால், பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள்? தடயம் ஒரு கடிதம் என்றால், அது கிடைத்தே தீரட்டும். அது போலி என்று கண்டுபிடிப்பதற்குப் பகடை இருக்கட்டும்.

கேள்வி: மகனும் அவன் நண்பர்களும் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு மாடியில் ஆடுகிறார்கள். பகடையைப் பார்த்துவிட்டு என் மாமியார், வீட்டில் சூதாட்டம் நடக்கிறது என்று வருந்துகிறார். எப்படிப் புரியவைப்பது?
– இல்லத்தரசி, கும்பகோணம்

அவருடைய வருத்தத்தை நான் மதிக்கிறேன். பகடை என்றதும் நாட்டையும் தம்பியரையும் பாஞ்சாலியையும் பணயம் வைத்த சபை நம் மனத்தில் வராமல் இருக்காது. ஆனால் அங்கே கேட்டை உண்டாக்கியது பணயம். உங்கள் மகனின் ஆட்டத்தில் பணயம் வைக்க எதுவுமில்லை, காசு கைமாறுவதில்லை, ஒருவர் தோற்று இன்னொருவர் ஜெயிப்பதும் இல்லை. வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிப்பதற்குப் பரமபதம் ஆடுகிற ஊர்தானே நம்முடையது? ஏணியும் பாம்பும் வரைந்த அந்தப் படத்தில் உருட்டியதும் பகடைதான். அதை அவரிடம் நினைவுபடுத்துங்கள்.

அதோடு, பிள்ளைகளை மாடியிலிருந்து கீழே கூடத்துக்கு அழையுங்கள். 1980களில் அமெரிக்காவிலும் இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பயந்த பெற்றோர் ஏராளம். பேய் வழிபாடு என்றே பிரசாரம் நடந்தது. மூடிய அறைக்குள் பூதம், மந்திரம் என்று பேச்சு மட்டும் கேட்டால் யாருக்குத்தான் கவலை வராது? மாமியார் ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். டி.எம். ஆக இருக்கும் பையனுக்கு ஒரு யோசனை: கதையில் ஓர் ஊர்ப்பாட்டி வரட்டும். வழிப்போக்கர்கள் உதவி கேட்டு வரும்போது அந்தப் பாட்டி என்ன சொல்வாள் என்று இவரையே கேட்கட்டும். தாள் வேண்டாம், எண் வேண்டாம். என் மேசையில் ஒருவருடைய பெரியம்மா அப்படித்தான் உள்ளே வந்தார். வீரர்கள் நால்வரையும் உட்காரவைத்து, முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பிறகு காட்டு வழியில் எந்த மரத்தடியில் தங்கக் கூடாது என்று சொன்னார். அந்த மரத்தை நான் அதற்குமுன் யோசித்தே வைத்திருக்கவில்லை. அடுத்த இரண்டு மாதக் கதை அந்த மரத்தடியில்தான் நடந்தது.

கேள்வி: எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் ஆடினால் செயற்கையாக இருக்காதா?
– மென்பொருள் பணியாளர், சென்னை

தமிழில் ஆடிப் பாருங்கள், பிறகு நீங்களே எனக்குப் பதில் எழுதுவீர்கள். கோப்ளின் (குட்டிப் பூதம்), எல்ஃப் (கூர்காது வனவாசி) போன்ற பெயர்கள் அப்படியே இருக்கட்டும், அவை வெளிநாட்டுக் கதைகளில் பிறந்தவை. ஆனால் சூழ்நிலையைச் சொல்வதும் பாத்திரமாகப் பேசுவதும் தமிழில் நடக்கட்டும்.

முதலில் கிடைக்கும் லாபம், வாய் திறக்காதவர்கள் திறப்பார்கள். எங்கள் திருச்சிக் குழுவில் ஒருவர் ஆங்கிலத்தில் ஆடிய காலம்வரை “தாக்குகிறேன்”, “ஒளிகிறேன்” என்ற அளவுக்கே பேசினார். மொழியை மாற்றிய வாரம், சுங்கச்சாவடிக் காவலனிடம் அவர் பேரம் பேசிய பேச்சைக் கேட்டு நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது லாபம் நுட்பமானது, ஆங்கில மேசையில் எனக்கு ஒருநாளும் கிடைக்காதது. நம்மிடம் நீ இருக்கிறது, நீர் இருக்கிறது, நீங்கள் இருக்கிறது. ஒரு கொள்ளைத் தலைவன் பிடிபட்ட வீரர்களை ஒரு மணி நேரமாக ‘நீ’ என்றே அழைத்துக்கொண்டிருந்தான். மந்திரவாதியின் பையில் இருந்த முத்திரை மோதிரத்தைப் பார்த்ததும், நான் குரலைக்கூட மாற்றாமல், “இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?” என்று அவனாகக் கேட்டேன். மேசையில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அவன் பயந்துவிட்டான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, உருட்டவும் இல்லை.

இடத்துக்கும் அலைய வேண்டாம். நம் பக்கத்துப் பழைய ஊர்களில், கோயிலிலிருந்து அரண்மனைக்குச் சுரங்கப்பாதை போகிறது, உள்ளே போனவர் திரும்பியதில்லை என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். டன்ஜன் என்றால் நிலவறை என்று விளக்கிக்கொண்டிருக்காமல், “உங்கள் ஊர்ச் சுரங்கத்தின் வாயில் இன்று காலை திறந்து கிடக்கிறது” என்று தொடங்குங்கள். அது எப்படி இருக்கும் என்று சிறு வயதிலேயே நினைத்துப் பார்த்து வைத்திருப்பார்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒரு சீனியர் நன்றாக ஆடத் தெரிந்தவர். என் முறை வந்ததும், “நீ இந்த மந்திரத்தைப் போடு, இங்கே நில்” என்று அவரே சொல்லிவிடுகிறார். உதவிதான் செய்கிறார். ஆனாலும் எனக்கு ஆடிய மாதிரியே இல்லை.
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. அவர் மீது பாதி, உங்கள் டி.எம். மீது பாதி. இந்த ஆட்டத்தில் ஆடுபவருக்கு உரிமையாக இருப்பது ஒன்றே ஒன்று: தன் பாத்திரம் என்ன செய்யும் என்று முடிவு செய்வது. உலகம் டி.எம்.முடையது, முடிவுகள் பகடையுடையவை. அந்த ஒன்றையும் எடுத்துவிட்டால் உங்களிடம் மிச்சம் என்ன? தவறான மந்திரத்தைப் போட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

டி.எம்.மிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவர் இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். ஆட்டத்துக்கு முன் அந்த சீனியரைத் தனியாக அழைத்து, புதியவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வது முதலாவது. அறிவும் ஆர்வமும் உள்ளவர்கள் சும்மா உட்கார முடியாது, ஆகவே வேலை கொடுக்க வேண்டும். சண்டையில் யார் முறை என்ற வரிசையை அவர் எழுதட்டும், வரைபடத்தை அவர் வரையட்டும். என் மேசையில் நான் இதைச் சொன்னபோது எந்தப் பழைய ஆட்டக்காரரும் கோபித்துக்கொண்டதில்லை. பலருக்குத் தாங்கள் அப்படிச் செய்வதே தெரிந்திருக்கவில்லை.

இரண்டாவது, அமைதியைப் பொறுத்துக்கொள்வது. “நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டு நான் மனத்துக்குள் பத்து எண்ணுவேன். ஏழுக்கு மேல் மிக நீளமாக இருக்கும், யாராவது வாயைத் திறக்கப் பார்ப்பார்கள், கையைக் காட்டி நிறுத்துவேன். புதியவர்கள் பெரும்பாலும் எட்டுக்கும் பத்துக்கும் நடுவில்தான் பேசத் தொடங்குகிறார்கள். பத்தையும் தாண்டிவிட்டால் கேள்வியைச் சிறிதாக்குவேன்: “கதவின் பக்கம் போகிறீர்களா, ஜன்னல் பக்கமா?”

கேள்வி: எட்டு வயது மகள் அடம்பிடிக்கிறாள். சேர்க்கலாமா?
– இளம் தந்தை, ஈரோடு

அறிமுகப் பெட்டியின் மேல் 12 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும். அது வாசிப்புக்கும் கணக்குக்குமான வயது. நீங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டால் எட்டு வயதுப் பெண் பிரமாதமாக ஆடுவாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். தொடங்கும் முன், கதையில் எது வரவே கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாம்பு என்றால் பாம்பு வேண்டாம். பெரியவர்களிடமும் இதைக் கேட்க வேண்டும். ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் என்பவர் ‘எக்ஸ் கார்டு’ என்ற வழக்கத்தைத் தந்தார். மேசை நடுவில் எக்ஸ் போட்ட சீட்டு ஒன்று இருக்கும். யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியைக் காரணம் கேட்காமல் மாற்றிவிட வேண்டும். குடும்பத்தில் அண்மையில் சாவு நேர்ந்த ஒருவர் என் மேசையில் அதை ஒரு முறை தொட்டார். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, கதையில் மறுநாள் விடிந்தது.

கேள்வி: முதல் நாளே ஒரு தோழியின் மந்திரவாதி இறந்துபோனான். அவள் மறுபடி வரவில்லை. பகடையை மறைத்து உருட்டிக் காப்பாற்றியிருக்க வேண்டுமோ?
– வங்கி ஊழியர், சேலம்

நீங்கள் இதற்காக வருந்துவதே நல்ல டி.எம். என்று காட்டுகிறது. நான் பகடையை மறைப்பதில்லை, எல்லார் கண்முன்னும் உருட்டுகிறேன். ஒருமுறை பொய் சொன்னதாகத் தெரிந்துவிட்டால், பிறகு அவர்கள் தப்பிப் பிழைக்கும் ஒவ்வொரு கணத்துக்கும் மதிப்புப் போய்விடும்.

தவறு பகடை உருளும் முன்பே நடந்திருக்கும். பாத்திரங்கள் தொடங்கும் முதல் நிலையில் மந்திரவாதிக்கு உயிர்ப் புள்ளி 7 அல்லது 8 தான். ஒரு கோப்ளினின் கத்தி வீச்சு, ஆறு முகப் பகடையோடு 2 கூட்டினால், 8 வரை போகும். ஒரே வெட்டில் சாய்ந்துவிடலாம். இது உங்களுக்குத் தெரியும், அந்தத் தோழிக்குத் தெரிந்திருக்காது. “உங்கள் மந்திரவாதி கவசம் இல்லாமல் முன்வரிசையில் நிற்கிறான், ஒரு வெட்டில் விழக்கூடும், அப்படியே நிற்கிறீர்களா?” என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பாத்திரத்துக்குத் தெரிந்திருக்கும் ஆபத்து ஆடுபவருக்கும் தெரிய வேண்டும். அவருக்கு விதி தெரியாததற்காகப் பாத்திரம் சாகக் கூடாது.

எதிரிகளின் எண்ணிக்கையையும் குறையுங்கள். நான்கு புதியவர்களுக்கு இரண்டு கோப்ளின்கள் போதும். அந்தக் கோப்ளின்களுக்கு ஒரு காரணமும் கொடுங்கள். பசியில் ஆடு திருட வந்தவை கடைசிவரை நின்று சண்டை போடுவானேன்? ஒன்று விழுந்ததும் மற்றது ஓடும், அல்லது கத்தியைப் போட்டுவிட்டு அழும். புதியவர்களுக்கு அங்கேதான் நல்ல சங்கடம் காத்திருக்கிறது.

உயிர்ப் புள்ளி பூஜ்யம் ஆனாலும் உடனே சாவு இல்லை என்பதையும் அவளிடம் சொன்னீர்களா? பாத்திரம் மயங்கி விழும். தன் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி முதலில் வந்தால் பிழைப்பு, மூன்று தோல்வி வந்தால் மரணம். 20 விழுந்தால் ஒரு புள்ளியோடு கண் திறந்துவிடும். கூட்டாளிகள் ஓடிவந்து காப்பாற்றவும் அவகாசம் இருக்கிறது. இதை முன்பே சொல்லி வைத்தால், விழுந்தவரின் பகடையை மேசையே எழுந்து நின்று பார்க்கும்.

அந்தத் தோழியை நேரில் போய்ப் பாருங்கள், தொலைபேசியில் வேண்டாம். இறந்துபோன மந்திரவாதியின் தாள் உங்களிடம் இருந்தால் எடுத்துப் போங்கள். அவனுக்கு ஒரு தங்கை இருந்தாளா, ஒரு மாணவன் இருந்தானா, அவன் பையில் இருந்த புத்தகத்தைத் தேடி யார் வருவார்கள் என்று அவளிடம் கேளுங்கள். பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள். பத்து எண்ணுங்கள்.